கடல் விலகிய சனிக்கிழமைகள்

நாகல்துறையில் கடல் இல்லாமல் போன கோடை அது. அந்தக் கோடையில்தான் தையல்நாயகி வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் தன் பிறந்த ஊருக்கு வேனில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்குப் போய்க் கேட்டாலும் நாகல்துறைக்காரர்கள் கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்களே தவிர பதில் சொல்ல மாட்டார்கள்.

தஞ்சாவூரில் ஒரு மொழிப் பள்ளியில் அவள் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். வெயில் உச்சத்துக்குப் போகும் மாதங்களில் பல தேசத்துப் பிள்ளைகள் அங்கே வந்து இறங்குவார்கள். வாரம் முழுக்க மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதிப் படிப்பார்கள். சனிக்கிழமை விடிந்தால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் களப்பயணம் கிளம்புவார்கள். பெரிய கோயிலுக்குப் போனார்கள், சிலை வார்க்கும் பட்டறைக்குப் போனார்கள், கல்லணைக்குப் போனார்கள். பிறகு கடல் பார்க்க வேண்டும் என்றார்கள். பள்ளியின் இயக்குநர் அறவாழி தையல்நாயகியைப் பார்த்து, "உங்க ஊர்ப் பக்கமே கூட்டிட்டுப் போங்களேன், செலவும் மிச்சம், சாப்பாடும் நல்லா இருக்கும்" என்றார். அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நாகல்துறையில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அக்கா வேம்பு ஒருத்திதான். சுனாமி வந்த காலையில் வேம்பு தன் மகள் மயிலுவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்தபோது கை இருந்தது, பிள்ளை இல்லை. உடல் கிடைக்காத பிள்ளைக்குக் காரியம் செய்யக் கூடாது என்று வேம்பு ஒற்றைக்காலில் நின்றாள். ஊரும் விட்டுவிட்டது. மயிலு இருந்திருந்தால் இப்போது கல்யாண வயதைத் தாண்டியிருப்பாள். வேம்பு மட்டும் இன்னும் நாலு வயதுப் பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த முதல் சனிக்கிழமை பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் நின்றார்கள். தோபியாஸ் என்ற நெட்டைப் பையன் ஈர மணலைக் காட்டி, "ஆசிரியரே, இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டான். தையல்நாயகி குனிந்து பார்த்தாள். நனைந்த மணலுக்கு ஊரில் ஏதோ ஒரு சொல் உண்டே என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கையில், போன அலை திரும்பி வரவில்லை. அடுத்த அலையும் வரவில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் எழுந்து, உட்கார்ந்திருந்த இடத்தை விட்டுப் போகிறவர்களைப் போல, பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. யாரோ அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த யூகோ. வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"ஓட வேண்டும்," என்றாள் யூகோ.

ஊரும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை ஓடத் தவறியவர்கள் ஆதலால் யாரும் கத்தவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளையும் கோழிகளையும் அள்ளிக்கொண்டு பள்ளிக்கூட மாடியில் ஏறி நெருக்கியடித்து நின்றார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளும் அவர்களோடு நின்றார்கள். வெயில் சாய்ந்தது. கடல் வரவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கருஞ்சேறும் பாசியும் துள்ளும் மீன்களும்தான் கிடந்தன. அதற்கும் அப்பால் வானத்தோரமாக ஒரு கோடு மட்டும் மினுங்கியது. மாடியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் அதன் தாய்க்குப் புரிந்தது, அது பிறந்ததிலிருந்து கேட்டுவந்த இரைச்சல் நின்றுபோயிருந்தது என்று.

முதலில் இறங்கியவர்கள் மீனுக்காக இறங்கினார்கள். குட்டைகளில் சிக்கிய மீனைக் கூடை கூடையாக அள்ளினார்கள். அள்ள முடியாதது அழுகி, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. மீன்வளத் துறை ஜீப் ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கியவர் சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது கடல் உள்வாங்கும் பெரிய வற்று, தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், வேறொரு ஊரில் பாலம் இடிந்ததும் அங்கே போய்விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் பிடிவாதமாக அங்கேயே போக வேண்டும் என்றார்கள். அவர்கள் வேனை விட்டு இறங்கிக் கரையில் நின்றதும், மினுங்கிய கோடு இன்னும் தள்ளிப்போனது.

அன்றைக்குத்தான் பொருள்கள் கிடைக்கத் தொடங்கின. பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தியின் இரும்பு பீரோ பாதி புதைந்து நின்றது. திறந்தால் அவர் மனைவியின் கல்யாணப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது, அதைக் கட்டியவள்தான் இல்லை. ஒருவருக்குத் தைய‌ல் மெஷின் கிடைத்தது, ஒருவருக்குக் குத்துவிளக்கு, ஒருவருக்குத் தன் வீட்டு நிலைக்கதவு தாழ்ப்பாளோடு. கொண்டுவந்து கழுவி, எண்ணெய் தடவி, அலைக்கு முன்பு இருந்தது போலவே வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. கடன் கொடுத்தவன் பொருளைத் திருப்பிக் கேட்பது போல நிமிர்ந்து நடந்தார்கள். வேம்பு மட்டும் எதையும் எடுக்கவில்லை. கிடைத்த ஒவ்வொரு சின்னக் கொலுசையும், ஒவ்வொரு ரப்பர் வளையலையும் தூக்கிப் பார்த்து, "இது அவளுது இல்ல" என்று கீழே வைத்துவிட்டு மேலும் உள்ளே நடந்தாள்.

பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. சேறு காய்ந்து கெட்டியானது. சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு இது என் மனை, அது உன் மனை என்று பிரித்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து காரில் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார்கள். கடல் இருந்த இடத்தில் முதலில் ஒரு டீக்கடை வந்தது, அப்புறம் சைக்கிள் கடை, அப்புறம் வரிசையாக வீடுகள், அப்புறம் பிள்ளையாருக்கு ஒரு மேடை. மாரியம்மன் தேர் சரித்திரத்தில் முதல் தடவையாகக் கிழக்கே போய்த் திரும்பியது. சாய்ந்து கிடந்த படகுகளின் நிழலில் ஆடு கட்டினார்கள். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே வளர்ந்தவர்கள் ஆதலால், அந்த அமைதியில் அவர்கள் பேச்செல்லாம் சண்டை போலக் கேட்டது. வேம்பு எல்லாருக்கும் அப்பால், மினுங்கும் கடல்கோட்டுக்குப் பக்கத்தில், தென்னங்கீற்றால் ஒரு குச்சு கட்டிக்கொண்டு ஊருக்குள் வருவதையே நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மாலை போட்டார்கள். நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். கரையில் பந்தல் கட்டி, பாய் விரித்து, உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருங்கள், அது கிட்ட வராது, வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். மற்றப் பிள்ளைகள் சேற்றில் இறங்கி விளையாடினார்கள், படம் எடுத்தார்கள். யூகோ ஒருபோதும் இறங்கவில்லை. பந்தலுக்குக்கூட வரவில்லை. பழைய கரை முடிந்த இடத்தில், வெயிலில், கையை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மினுங்கும் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"நிழலுக்கு வாம்மா," என்று தையல்நாயகி ஒருநாள் கூப்பிட்டாள்.

"நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் கடல் போயிற்று," என்றாள் யூகோ, பாடப்புத்தகத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "என் அத்தை என்னை முதுகில் சுமந்து மலை மீது ஏறினார். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் அத்தையின் தோளில் முகத்தை மூடிக்கொண்டேன். ஆகையால் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்."

தையல்நாயகி நிழலை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். காற்றே இல்லை.

தோபியாஸுக்குத்தான் முதலில் உறுத்தியது. திரும்பும்போது வேனில் கேட்டான்: "ஆசிரியரே, நாங்கள் இங்கே விருந்தினர்களா, காவலர்களா?" பிள்ளைகள் சிரித்தார்கள். ஓட்டுநர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அறவாழி, ஒரே ஊரையே எத்தனை தரம் பார்ப்பது என்று சொல்லி, பிள்ளைகளைத் தாராசுரம் கோயிலுக்கு அனுப்பினார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாகல்துறையில் தண்ணீர் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறி வந்தது. வெளி ஓரத்துக் கடைகளின் அடுப்பை அணைத்தது. படகோடு கட்டியிருந்த ஆடுகளை மூழ்கடித்தது. அங்கேயே நின்றுகொண்டது. வேம்பு தன் குச்சைத் தலையில் தூக்கிக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி நட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை கலியமூர்த்தி பஞ்சாயத்தார் நாலைந்து பேரோடு, தட்டில் பழமும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தார். பெண் கேட்டு வந்தவர்களைப் போலப் பள்ளி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அறவாழி அறைக்குள்ளேயே இருந்துகொண்டார்.

"படிப்பு எப்ப முடியுது தங்கச்சி?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"வர்ற சனிக்கிழமையோட சரி, அண்ணே. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் பிளைட்டு."

"எல்லாரும் போவட்டும். அந்த யூகோ பொண்ணு மட்டும் இருக்கட்டும். அது பாக்குற பார்வையிலதான் கடலு நிக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"என்ன அண்ணே பேசுறீங்க? அது இன்னொருத்தங்க வூட்டுப் பிள்ள."

"நாங்க மட்டும் என்ன கேக்குறோம்? உக்காந்த எடத்துல சோறு. ஊரே தாங்கும். வூடு கட்டித் தர்றோம்." அவர் குரலில் கோபமே இல்லை. "கீழ கடல் இருந்த எடத்துல அவ்ளோ சனம் வூடு கட்டி இருக்குது. ஒன் அக்கா எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியும். யோசிச்சுக்க."

அவர்கள் போன பிறகு அறவாழி வெளியே வந்து, கடைசிப் பயணமே வேண்டாம், பிள்ளைகளை நேராக விமான நிலையத்துக்கு ஏற்றிவிடலாம் என்றார். தையல்நாயகி வகுப்புக்குப் போனாள். கரும்பலகைக்கு முன்னால் நின்று, போகாவிட்டால் என்ன ஆகும், போனால் என்ன ஆகலாம் என்று இரண்டையும் மறைக்காமல் சொன்னாள். யாருக்கு இஷ்டமில்லையோ அவர்கள் வர வேண்டாம் என்றாள். யூகோ எழுந்து நின்றாள்.

"கீழே மனிதர்கள் இருக்கிறார்கள்," என்றாள். "போக வேண்டும்."

சனிக்கிழமை நாகல்துறையில் மேளம் வைத்திருந்தார்கள். வேன் ஊருக்குள் நுழைந்ததும், பின்னால் பத்துப் பதினைந்து பேர் ஒரு பழைய படகைத் தள்ளிக்கொண்டுவந்து சாலைக்குக் குறுக்கே போட்டார்கள். போட்டுவிட்டு வந்து பிள்ளைகளுக்கு மாலையும் போட்டார்கள். தோபியாஸ் மாலையும் கழுத்துமாகத் திரும்பி, அடைத்த சாலையைப் பார்த்தான்.

யூகோ மாலையைக் கழற்றித் தையல்நாயகியிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றாள். ஊர் முழுக்க அவளுக்குப் பின்னால் கூடியது. அவள் திரும்பாமலே பேசினாள்.

"நான் இன்று மாலை வரை பார்ப்பேன். பிறகு போவேன். கீழே இருப்பவர்கள் எல்லோரும் மேலே ஏறி வாருங்கள். தயவுசெய்து வாருங்கள்."

"அதெல்லாம் நீ போவமாட்டம்மா," என்றார் கலியமூர்த்தி அன்பாக.

மேளம் மறுபடி வாசித்தார்கள். கொஞ்சநேரம் அப்படியே போனது. அப்புறம் மேளக்காரன்தான் முதலில் நிறுத்தினான். அவள் போகப்போவதைக் கேட்டுவிட்டது போல, வானத்தோரத்துக் கோடு தடித்திருந்தது. அவன் பார்த்ததை மற்றவர்களும் பார்த்தார்கள். அது அலையாக வரவில்லை; நுரையில்லை, இரைச்சலில்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிற ஆளின் நடையில் வந்துகொண்டிருந்தது. யூகோவின் பார்வையால் அதை நிறுத்த முடியவில்லை, மெதுவாக்கத்தான் முடிந்தது. அவள் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவள் இமைக்கவில்லை.

கடலுக்குள் குடியிருந்த சனம் ஏறி வந்தது. அடுப்பையும் பாயையும் சுருட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் கோடுகளை மிதித்துக்கொண்டு, திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் ஏறி வந்தது. டீக்கடைக்காரர் பாலைக் கொட்டாமல் தூக்கிவந்தார். பிள்ளையாரை நாலு பேர் சுமந்து வந்தார்கள். வேம்பு வரவில்லை.

தையல்நாயகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஓடினாள். காய்ந்த சேறு காலடியில் ஓடு போல நொறுங்கியது. கடல் விலகிய அந்த மண்ணில் அவள் முதல்முறையாகக் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஓட ஓடக் குச்சு தள்ளிப்போவது போலிருந்தது. எதிரே தண்ணீர் வருவது தெரிந்தது. தான் அதை நோக்கித்தான் ஓடுகிறோம் என்பதும் தெரிந்தது. வேம்பு குச்சு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சேற்றைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எழுந்திரு!"

"இந்தா, இந்த மேட்டுக்கு அந்தாண்ட மட்டும் நான் பாக்கல. அத மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்."

"தண்ணி வருதுக்கா!"

"வரட்டும். அவளக் கொண்டாந்தாலும் கொண்டாரும்."

தையல்நாயகி அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தாள். வேம்பு கல் போல இருந்தாள். தங்கை அழுதாள், அவள் காலைப் பிடித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் குச்சின் பின்கீற்றை நனைத்தது. அப்போது தையல்நாயகி கரைப்பக்கம் கையைக் காட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க, யூகோ ஒரு முளைக்குச்சி அளவுதான் இருந்தாள்.

"அங்க ஒரு பொண்ணு நிக்குது பாரு. நீ வர்றவரைக்கும் அது நகராது. அதுக்கும் அம்மா இல்ல, கடல்தான் கொண்டுபோச்சு. நீ இங்க உக்காந்தா அது அங்கயே நின்னு சாவும்."

வேம்பு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாரும் அத நெழலுக்குக் கூப்புடலயா?" என்றாள். கேட்டுக்கொண்டே எழுந்தாள்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஓட வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் அவர்கள் குதிகாலைத் தொட்டுக்கொண்டே கூட வந்தது. அவர்கள் கரை ஏறியதும் அதுவும் ஏறி வந்து, யூகோவின் கால்விரலுக்கு முன்னால் நின்றது.

ஊர் மூச்சுவிட்டது. யூகோ ஒரு அடி பின்னால் வைத்தாள். தண்ணீரும் ஒரு அடி வந்தது. இன்னொரு அடி வைத்தாள். அதுவும் வைத்தது. பந்தல் கால் நனைந்தது. பின்னால் நின்ற கூட்டம் ஓவென்று கூச்சலிட்டது: "நவராத! நவராதம்மா!"

யூகோ நகரவில்லை. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் போட்டார்கள். யாரோ குடை பிடித்தார்கள். ஒருத்தி சோறு பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனாள். எல்லாரும் அவ்வளவு பிரியமாக நடந்துகொண்டார்கள். தையல்நாயகி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தெரிந்த முகங்கள், தன்னைத் தூக்கி வளர்த்த முகங்கள். ஒன்றில்கூட அந்தப் பெண்ணை விட்டுவிடும் எண்ணம் இல்லை. யூகோ தன் மொழியில் ஏதோ ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது என்ன சொல் என்று மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

வேம்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். முந்தானையால் யூகோவின் முகத்தைத் துடைத்தாள். அவள் தோளைப் பிடித்து மெல்ல ஒருபக்கமாக நகர்த்திவிட்டு, நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போ பாப்பா. நான் பாத்துக்கறேன்."

தண்ணீர் வேம்புவின் பாதத்தை முகர்ந்து பார்ப்பது போல ஒருதரம் தொட்டது. பிறகு அசையாமல் நின்றது.

"வண்டிக்கு வழி வுடுங்க," என்றாள் வேம்பு திரும்பாமலே. "இல்லாட்டி எழுந்துருவேன்."

கலியமூர்த்தியே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் படகை நகர்த்தினார். தையல்நாயகி பிள்ளைகளை வேனில் ஏற்றினாள். யூகோ கடைசி இருக்கையில் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, கரை மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தாள். மறைந்த பிறகு கண்ணை மூடி, சென்னைவரைக்கும் திறக்காமல் தூங்கினாள்.

அதற்குப் பிறகு தஞ்சாவூர்ப் பள்ளி அந்தப் பக்கம் பிள்ளைகளை அனுப்புவதில்லை. நாகல்துறையில் அந்த நாற்காலி காலியாக இருந்ததும் இல்லை. பெரும்பாலும் வேம்புதான், அவள் குளிக்கவும் தலை சாய்க்கவும் போகிற நேரங்களில் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து உட்காருகிறார்கள். பக்கத்து ஊர்த் துறையிலிருந்து மீன்பிடிக்கப் போகிறார்கள். கண் மருத்துவ முகாம் வந்தால் ஊரே வரிசையில் நிற்கிறது. பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணின் பார்வையைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். கல்யாணம், சாவு, தேர்தல் எல்லாம் நடக்கின்றன. நாற்காலியைச் சுற்றி நடக்கின்றன. அந்த இடத்தில் கடலுக்கு இன்னும் இரைச்சல் வரவில்லை.

தையல்நாயகி சனிக்கிழமைகளில் தனியாகப் பேருந்தில் வந்து அக்காவுக்குத் தலை வாரிவிடுகிறாள். போன வாரமும் வந்தாள். வேம்புவின் முடி முழுக்க நரைத்துவிட்டது. சிக்கெடுத்துக்கொண்டே தையல்நாயகி, வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

"அசந்து கண்ண மூடிட்டா என்னக்கா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. நேத்துகூட நல்லா தூங்கிட்டேன். அது அப்படியேதான் நின்னுது."

"அப்ப நீ எழுந்து வந்துரலாமே?"

தண்ணீர் வேம்புவின் கால்விரல் நுனியில் கண்ணாடி போல அசைவற்றுக் கிடந்தது.

"நானும் மொதல்ல அது என்னத்தான் பாக்குதுன்னு நெனச்சேன்," என்றாள். "அது என்னப் பாக்கலடி தையலு. எனக்குப் பின்னால யார் நிக்குறாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கு. நாற்காலி காலியானா அவங்ககிட்ட வந்துரும்."

தையல்நாயகி அப்போது சீப்பும் கையுமாக அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.